சண்டை வந்தாலும் அணுக்கழிவு விஷயத்துல பேச்சை நிறுத்தாதீங்க

ஆசிரியர் சார், வணக்கம்.

போன வாரம் அணுக்கழிவு பத்தி உங்க பேப்பர்ல வந்த கட்டுரையை முழுசா படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா கடைசியில "அவங்கவங்க கழிவை அவங்கவங்க பாத்துக்கணும்"னு ஒரே வரியில முடிச்சுட்டீங்க பாருங்க, அங்கதான் எனக்கு இடிக்குது. சட்டப்படி அது சரிதான். அணுக்கழிவைப் பாதுகாப்பா வெச்சுக்கறதுக்காக நாடுங்க சேர்ந்து 1997ல எழுதி 2001ல அமலுக்கு வந்த சர்வதேச கூட்டு ஒப்பந்தமும் பொறுப்பு அந்தந்த நாட்டோடதுன்னுதான் சொல்லுது. அதுக்காக பக்கத்து வீட்டுக்காரன் எட்டியே பாக்கக் கூடாதா?

1993 அக்டோபர்ல ரஷ்ய கடற்படைக் கப்பல் ஒண்ணு ஜப்பான் கடல்ல சுமார் 900 டன் கதிரியக்கத் தண்ணியைக் கொட்டுச்சு. கிரீன்பீஸ்ங்கற சுற்றுச்சூழல் அமைப்பு ஆளுங்க பின்னாடியே போய் அதை வீடியோ எடுத்துட்டாங்க, ஜப்பான்ல ஒரே கொந்தளிப்பு. அடுத்த மாசமே, கடல்ல கழிவு கொட்டறதைக் கட்டுப்படுத்துற லண்டன் ஒப்பந்தத்துல இருக்கற நாடுங்க கூடி, எந்தக் கதிரியக்கக் கழிவையும் கடல்ல கொட்டக் கூடாதுன்னு முடிவு எடுத்தாங்க, ரஷ்யா ஒத்துக்கல, ஏன்னா கொட்டாம வேற என்ன பண்றதுன்னு அவங்களுக்கே தெரியல, சுத்திகரிக்க போதுமான பிளான்ட் கிடையாது (சாக்கு மாதிரி தெரியும், ஆனா நெஜமும் அதான்). அப்புறம் ஜப்பானே காசு போட்டு மிதக்குற சுத்திகரிப்பு பிளான்ட் ஒண்ணு கட்டிக் குடுத்துச்சு, 2001ல அது ஓட ஆரம்பிச்சுது, 2005ல ரஷ்யாவும் அந்தத் தடையை ஏத்துக்கிச்சு. இத்தனைக்கும் இந்த ரெண்டு நாட்டுக்கும் நடுவுல இருக்கற தீவுத் தகராறு இன்னைக்கு வரைக்கும் தீரல!

இதே மாதிரி இன்னொண்ணு ரஷ்யாவுல இருக்கற ஆண்ட்ரீவா விரிகுடா. நார்வே எல்லையில இருந்து 60 கிலோமீட்டர் இருக்கும், பழைய நீர்மூழ்கிக் கப்பல்கள்ல இருந்து எடுத்த சுமார் 22,000 பயன்படுத்தின அணு எரிபொருள் கட்டுகள் அங்க ஓட்டை உடைசலா கிடந்துச்சு. நார்வே, பிரிட்டன்னு பல நாடுங்க காசு போட்டாங்க, இத்தாலி அதை ஏத்திட்டுப் போக தனியா ஒரு கப்பலே கட்டிக் குடுத்துச்சு, 2017ல முதல் லோடு கிளம்புச்சு. 2022ல ரஷ்யா உக்ரைன் மேல போர் தொடுத்ததும் நார்வே அந்த உதவியை நிறுத்திடுச்சு. நார்வே மேல எனக்குக் கோபம் இல்ல, போர் நடத்துற அரசாங்கத்துக்கு எப்படி காசு குடுப்பாங்க. ஆனா காசை நிறுத்தறது வேற, கதிர்வீச்சு அளவு எடுக்கறது, தகவல் பரிமாறிக்கறது, விபத்துன்னா உடனே போன் பண்றதுக்கு ஆள் வெச்சிருக்கறது எல்லாம் வேற, அதையாவது எந்தச் சண்டையிலயும் தொடக் கூடாதுன்னு முன்னாடியே எழுதி வெச்சுக்கணும்.

அணு உலையே இல்லாத நாட்டுக்கு இதெல்லாம் எதுக்குன்னு சிலர் கேப்பாங்க. 1987ல பிரேசில்ல கோயானியா ஊர்ல நடந்தது உலை விபத்து இல்ல சார், கைவிட்ட கேன்சர் கிளினிக்ல கிடந்த கதிர்வீச்சு மெஷினை பழைய இரும்புக்குன்னு ரெண்டு பேர் கழட்டிட்டுப் போனாங்க. உள்ள இருந்தது 100 கிராம்கூட இல்லாத சீசியம்ங்கற கதிரியக்கப் பவுடர், இருட்டுல நீலமா மின்னுதுன்னு வீடு வீடா கைமாறுச்சு. 4 பேர் செத்தாங்க, 1,12,000 பேரை செக் பண்ண வேண்டி வந்துச்சு, இடிச்சுத் தோண்டி எடுத்த கழிவு மட்டும் 3,500 கன மீட்டர். வைத்தியம் பாக்க வெளிநாட்டு டாக்டருங்களும் வந்தாங்க. கேன்சர் ஆஸ்பத்திரி இருக்கற எந்த நாட்டுக்கும் இது வரலாம்.

அந்த கூட்டு ஒப்பந்தத்துல தண்டனைன்னு ஒண்ணும் கிடையாது, ராணுவக் கழிவும் அந்தந்த நாடு தானா ஒத்துக்கிட்டாதான் உள்ள வரும், அது பெரிய ஓட்டை. ஆனா ஒரு விஷயம் எனக்குப் புடிச்சிருக்கு. 3 வருஷத்துக்கு ஒரு தடவை ஒவ்வொரு நாடும் தன் கழிவுக் கணக்கை அறிக்கையா வெக்கணும், மத்த நாடுங்க எழுத்துல கேள்வி கேப்பாங்க, பதில் சொல்லியாகணும். சில நாடுங்க அந்தக் கேள்வி பதிலைக்கூட வெளியிடுறாங்க. பரீட்சை பேப்பரை பக்கத்து பெஞ்ச் பசங்களே திருத்தற மாதிரின்னு கிண்டல் பண்ணலாம், ஆனா வேற வாத்தியார் யாரும் இல்லையே.

அதனால இந்த அறிக்கைகளைப் பாக்க நாடுங்க கூடுற அடுத்த ரிவியூ மீட்டிங் வரும்போது அந்த அறிக்கைகள்ல ரெண்டு மூணையாவது தமிழ்ல சுருக்கிப் போடுங்க சார், முக்கியமா கேள்வி பதில் பக்கங்களை. யாரு மழுப்பினாங்கன்னு நாங்களே பாத்துக்கறோம்.

இப்படிக்கு,
உங்க வாசகர் ஒருத்தர்