கூடைப்பந்துத் தேர்வாளர்களுக்கு, குலசேகரத்திலிருந்து

குமரி மாவட்டத்தில் சிறுவர் கூடைப்பந்து அணிகளைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கும், பள்ளிகளில் பயிற்சி கொடுக்கும் பி.டி. சார்களுக்கும் வணக்கம்.

என் மகனுக்கு 14 வயது. போன வருடம் வரை பந்து அவன் கையிலேயே ஒட்டியிருக்கும். ஒரே வருடத்தில் 10 செ.மீ. வளர்ந்தான், எல்லாம் குழம்பிப்போனது. பந்தோடு ஓடி வளையத்தருகே எம்பிப் போடும் லே-அப் போகும்போது கால் இடறுகிறது, லேசான பாஸ்கூட நழுவுகிறது. முழங்கால் சில்லுக்குக் கீழே வலி வேறு. அந்த நேரத்தில்தான் ஒரு தேர்வு வந்தது. விடியுமுன் பஸ் பிடித்துப் போனோம். 10 நிமிடம் ஆடவிட்டார்கள். "இவனுக்கு இது வராது, படிக்கச் சொல்லுங்க" என்று அவன் காதுபடவே ஒருவர் சொன்னார். தேர்வாகாததில் எனக்கு வருத்தமில்லை, அன்றைக்கு அவனைவிட நன்றாக ஆடியவர்கள் இருந்தார்கள். அந்த ஒரு வார்த்தைதான் தாங்கவில்லை. இரண்டு வாரம் அவன் பந்தைத் தொடவில்லை.

அப்புறம் டாக்டரிடம் காட்டினேன். எலும்பு வேகமாக நீளும்போது தசைநார் இழுபட்டு வலிக்கும், குதித்து ஆடும் பிள்ளைகளுக்கு இந்த வயதில் வருவதுதான், ஆட்டத்தைக் கொஞ்சம் குறையுங்கள், வளர்ச்சி முடிந்ததும் சரியாகிவிடும் என்றார். ஆண் பிள்ளைகள் பெரும்பாலும் 13, 14 வயதில்தான் மிக வேகமாக வளர்கிறார்கள். பெண் பிள்ளைகளுக்கு அது ஏறக்குறைய இரண்டு வருடம் முந்தியே வரும். சிலருக்குப் பிந்தும். நீண்டுபோன கைகாலோடு பழகவே பல மாதம் வேண்டும். அந்த மாதங்களில் பார்த்துவிட்டு ஒரு பிள்ளையின் கணக்கை முடிக்கலாமா?

நான் ரப்பர் விவசாயி. ஒரே நாளில் நட்ட கன்றுகள் ஒரே மாதிரி வளர்ந்து நான் பார்த்ததில்லை. ஏழு வருடம் ஆனாலும், 125 செ.மீ. உயரத்தில் சுற்றளவு 50 செ.மீ. வராத மரத்தில் நாங்கள் கத்தி வைப்பதில்லை. முந்திப் பால் வெட்டினால் மரம் பருக்காது. அளவு வராததை விட்டுவைத்து, அடுத்த வருடம் மறுபடி அளப்போம்.

சீக்கிரம் வளர்ந்த பிள்ளைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும், அவர்கள் நிலைதான் இன்னும் கஷ்டம். 13 வயதில் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக இருப்பவனை வளையத்துக்குக் கீழே நிறுத்தி, வளையத்தில் பட்டுத் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, எடுத்துப் போடு என்கிறோம். அணியும் ஜெயிக்கிறது. ஆனால் அவன் வளர்ச்சி அதோடு நின்றுவிட்டால்? 17 வயதில் எல்லோரும் அவன் உயரத்துக்கு வந்துவிடுவார்கள். அப்போது அவனுக்குப் பந்தைத் தட்டிக்கொண்டே ஓடும் டிரிப்ளிங்கும் தெரியாது, தூரத்திலிருந்து போடவும் தெரியாது. ஒரு கோப்பைக்காக அந்தப் பையனின் நாலு வருடம் போய்விடுகிறது. உயரமானவனையும் பந்தைக் கொண்டுபோக விடுங்கள். பத்து தடவை பறிகொடுக்கட்டும், பரவாயில்லை.

பெரிய அமெரிக்கக் கூடைப்பந்து வீரரான மைக்கேல் ஜோர்டான் 1978இல் பள்ளியின் முதன்மை அணியில் இடம் கிடைக்காமல் இரண்டாம் அணியில்தான் ஆடினார். அப்போது அவர் உயரம் 5 அடி 10 அங்குலம், அவர் வகுப்பிலிருந்து எடுக்கப்பட்டவர் 6 அடி 7 அங்குலம். நான் கவனிப்பது அந்த இரண்டாம் அணியைத்தான். எடுக்கப்படாதவனுக்கும் ஆட ஓர் இடம் இருந்தது. நம் ஊரில் அது இல்லை. பட்டியலில் பெயர் இல்லையென்றால் பயிற்சியும் இல்லை. ஏற்கெனவே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும், துலா மழை என்கிற வடகிழக்குப் பருவமழையும் திறந்தவெளி சிமெண்ட் கோர்ட்டை எத்தனையோ நாள் நனைத்துவிடுகின்றன. மிச்ச நாட்களிலாவது இவர்களையும் அணியோடு சேர்ந்து பழகவிடுங்கள்.

இப்போது என் மகன் வீட்டு முற்றத்தில் தினமும் இடது கையால் பந்து தட்டுகிறான். வலி கூடினால் நிறுத்திவிடுகிறான். அடுத்த தேர்வுக்கும் கூட்டி வருவேன். வருகிற எல்லாப் பிள்ளைகளின் பிறந்த மாதத்தையும் உயரத்தையும் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஜனவரியில் பிறந்தவனும் டிசம்பரில் பிறந்தவனும் ஒரே வயதுப் பிரிவில்தான் நிற்கிறார்கள். மறுவருடம் அந்த நோட்டைப் பிரித்து, யார் எவ்வளவு மாறியிருக்கிறார்கள் என்று பாருங்கள். எடுக்க முடியாதவனைத் தனியாகக் கூப்பிட்டு, எதைப் பழகிக்கொண்டு வர வேண்டும் என்று சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு தகப்பன்