பாதியில் நின்ற எழுத்தைக் கிழிக்கச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வீட்டை ஒழுங்குபடுத்துவது பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையில், ஒரு வருஷமாகத் தொடாத கைப்பிரதிகளை யோசிக்காமல் கிழித்துப் போடுங்கள், மனசு லேசாகும் என்று ஒரு யோசனை இருந்தது. துணிமணிக்கும் பழைய ரசீதுக்கும் அந்தக் கணக்கு சரி. எழுத்துக்கு அது ஒத்து வராது. இதைப் படித்துவிட்டு யாராவது ஒருவர் இந்நேரம் நோட்டுகளைக் கிழித்திருப்பாரோ என்ற கவலையில்தான் எழுதுகிறேன்.

பாதியில் நிற்கும் கதையோ கட்டுரையோ எத்தனை நாளாகக் கிடக்கிறது என்பது முக்கியமில்லை. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று பார்க்க வேண்டும். சிலது நமக்கே ஆர்வம் விட்டுப்போனதால் நின்றிருக்கும், அதைப் படித்தாலே தெரியும், கடைசிப் பத்தி வரும்போதே வாக்கியங்கள் சோர்ந்து போயிருக்கும். ஆனால் சிலது நல்ல வேகத்தில் வந்து ஒரு கதாபாத்திரம் வாயைத் திறக்கவேண்டிய இடத்தில் சட்டென்று நின்றிருக்கும். அவள் என்ன சொல்வாள் என்று எழுதியவருக்கு அன்றைக்குத் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். பத்து வருஷம் கழித்து, வாழ்க்கையில் இன்னும் நாலு விஷயம் பட்ட பிறகு, அது தெரியவரலாம். அந்தப் பிரதியைக் கிழித்துவிட்டால் பதில் கையில் இருக்கும், கேள்வி காணாமல் போயிருக்கும்.

இன்னொன்று, வடிவம் தப்பாக அமைந்து நின்றுபோனவை. நான் முன்பு ஒரு நாவல் எழுத ஆரம்பித்தேன், மூன்று தலைமுறை, சொத்துத் தகராறு என்று விரிந்துகொண்டே போய் ஒரு கட்டத்தில் அசையவில்லை. ரொம்ப காலம் கழித்து எடுத்துப் படித்தபோது அதில் உயிரோடு இருந்தது ஒரே ஒரு இடம். இறந்துபோன அப்பாவின் மூக்குக்கண்ணாடியை யார் வைத்துக்கொள்வது என்று அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்கிறார்கள். இருவருக்குமே அது வேண்டாம், ஆனால் மற்றவன் எடுத்துக்கொண்டு போவதையும் பார்க்க முடியவில்லை. இரண்டு பக்கம்தான். அதை மட்டும் தனியே எடுத்து, முன்கதையை எல்லாம் நீக்கிச் சிறுகதை ஆக்கினேன், அச்சிலும் வந்தது. நாவலின் மற்ற பக்கங்களை அப்புறம் எந்த வருத்தமும் இல்லாமல் தூக்கிப் போட முடிந்தது. அதனால் எடுத்ததை எல்லாம் முடித்தே தீரவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படி நினைத்துப் பழைய பிரதிகளையே கட்டிக்கொண்டு அழுகிறவர்கள் புதிதாக ஒன்றும் எழுதுவதில்லை, அதையும் பார்த்திருக்கிறேன்.

கிழிக்கவேண்டியவையும் உண்டு, மறுக்கவில்லை. கோபத்தில் ஒருவரைக் குத்திக் கிழித்து எழுதியது, இன்னொருவர் நம்மை நம்பிச் சொன்ன ரகசியத்தைப் பெயரை மட்டும் மாற்றி வைத்திருப்பது, இதெல்லாம் நம் கையாலேயே இல்லாமல் போவது நல்லது. அதற்கும் ஒருமுறை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும். கூடுமானால் வாய்விட்டு.

கணினியில் எழுதியவர்கள் ஒன்றைத் தள்ளிப்போடக் கூடாது. எல்லாக் கணினியிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிய வழி செய்த யூனிகோடு முறை பரவலாவதற்கு முன்னால் நம்மில் பலர் பாமினி மாதிரியான எழுத்துருக்களில்தான் அடித்தோம். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் இன்றைக்கு அந்தக் கோப்பைத் திறந்தால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாகத்தான் வரும், மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் எல்லாம் அரைப்புள்ளி நிற்கும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்கள் உண்டு. கெடவில்லை. எழுத்துரு மாற்றிகள் இலவசமாகவே கிடைக்கின்றன, ஒட்டினால் சில நொடிகளில் தமிழாகிவிடும். எந்த எழுத்துருவில் அடித்தோம் என்பது நினைவில் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும். நமக்கே மறந்துவிட்டால் நம் பிள்ளைகள் அதைக் கண்டுபிடிப்பது ரொம்பக் கஷ்டம்.

பிள்ளைகள் என்றதும் சொல்லவேண்டியது இன்னொன்று இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர் காலமானபோது அலமாரி நிறைய நோட்டு வைத்துவிட்டுப் போனார். எது முடிந்தது, எது முடியாதது, எதை அவர் அச்சில் பார்க்க விரும்பினார் என்று ஒரு வரி கூட எதிலும் இல்லை. பிள்ளைகள் நல்லவர்கள், அப்பா மேல் உயிரையே வைத்திருந்தவர்கள், கொஞ்ச நாள் பார்த்துவிட்டு எடைக்குப் போட்டுவிட்டார்கள். அவர்களை எப்படிக் குறை சொல்வது?

ஜெர்மன் மொழியில் எழுதிய காஃப்கா தன் பிரதிகளை எரித்துவிடும்படி நண்பர் மாக்ஸ் பிராடுக்கு எழுதி வைத்தார். 1924இல் அவர் இறந்தார், பிராட் எரிக்கவில்லை, அடுத்த வருஷமே விசாரணை நாவலை வெளியிட்டார். ஆங்கில நாவலாசிரியர் டெர்ரி பிராட்செட் முடிக்காமல் விட்ட எழுத்துகள் இருந்த ஹார்ட் டிஸ்க்கை, அவர் இறந்து இரண்டு வருஷம் கழித்து 2017இல், அவர் விருப்பப்படியே சாலை போடும் நீராவி உருளையை ஏற்றி நசுக்கினார்கள். இதில் யார் செய்தது சரி என்று எனக்குள் இன்னும் வாதம் ஓடுகிறது. ஆனால் அந்த இரண்டு எழுத்தாளர்களும் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டுப் போனார்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் அதைக் கூடச் செய்வதில்லை. நோட்டின் முதல் பக்கத்தில் "முடியவில்லை, இப்படியே படிக்கலாம்" என்றோ "யாருக்கும் காட்ட வேண்டாம்" என்றோ எழுத எவ்வளவு நேரம் ஆகும்? மீதிக் கதை மனசில் இருந்தால் அதையும் நாலு வரி குறித்து வைக்கலாம். கல்கி 1954இல் காலமானபோது நின்றுபோன அமரதாரா நாவலை அவர் மகள் ஆனந்தி எழுதி முடித்தார் என்றால், அப்பா விட்டுச்சென்ற குறிப்புகள் அதற்கு உதவின.

முடியாத எழுத்துக்கு மதிப்பில்லை என்ற எண்ணமும் எனக்கு உடன்பாடில்லை. பாரதியின் சந்திரிகையின் கதை முற்றுப்பெறாமலே நிற்கிறது, அவர் மறைந்து நூறு வருஷம் தாண்டியும் படிக்கிறோம்.

அதனால் ஒரு வேண்டுகோள். ஞாயிறு இணைப்பில் மாதம் ஒருமுறை அரைப்பக்கம் ஒதுக்குங்கள். வாசகர்கள் தாங்கள் முடிக்காமல் விட்ட கதையோ கட்டுரையோ கவிதையோ, நின்ற இடம் வரைக்கும் அப்படியே அனுப்பட்டும், ஏன் நின்றது என்று கீழே இரண்டு வரி சேர்த்து. திருத்தி மெருகேற்றிப் போட வேண்டாம். முதல் மாதத்துக்கு என்னிடமிருந்து ஒன்றை அனுப்பத் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகர்