பிள்ளையின் பெயரை மறைத்துக் காசு மிச்சம் பிடிக்க வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஒரு தாய் எழுதியிருந்தார். மகனுக்குப் பதினேழு வயது, தனியே கார் ஓட விடுகிற ஜி2 அனுமதிப்பத்திரம் எடுத்துவிட்டான், கார் காப்புறுதிக்குச் சொன்ன தொகையைக் கேட்டதிலிருந்து நித்திரை இல்லை என்று. எங்கள் வீட்டிலும் போன வருடம் இதே கதைதான். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறோம், ஒரே கார், 2011 ஆம் ஆண்டுக் கொரோலா. எனக்கும் மனைவிக்கும் வருடம் 2,900 டொலர் கட்டிக்கொண்டிருந்தோம். மகனைச் சேர்த்தால் 6,400 என்றார்கள். அவனுக்கென்று ஒரு பழைய சிவிக் வாங்கி அவன் பெயரிலேயே போட்டால் 9,000 தாண்டும் என்றார்கள். அவன் மேசையில் எதிரே இருந்து என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அப்பா, நான் பஸ்ஸிலேயே போறேன்" என்றான். பகுதிநேர வேலை முடிந்து இரவு பதினொன்றரைக்கு மார்க்கம் ரோட்டில் மைனஸ் இருபது குளிரில் நிற்கிற பிள்ளை அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கிழமையே யோசனை சொல்ல ஆட்கள் வந்துவிட்டார்கள். ரொறன்ரோவுக்கு வெளியே பீற்றர்பரோவில் இருக்கிற சொந்தக்காரரின் விலாசத்தைக் கொடு, பாதியாகக் குறையும் என்றார் ஒருவர். மகன் ஓடுவதைக் காப்புறுதிக்காரருக்குச் சொல்லவே வேண்டாம், இரவல் வாங்கி ஓடினதாக இருக்கட்டும் என்றார் இன்னொருவர். இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள், அவர்கள் வீட்டிலும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். அந்தத் தாய்க்கும் இதையே யாராவது இந்நேரம் சொல்லியிருப்பார்கள், அதனால்தான் எழுதுகிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள்.

வீட்டில் அனுமதிப்பத்திரம் உள்ள எல்லோரையும் சொல்ல வேண்டும் என்பது விதி. மகன் ஒரு விபத்தில் மாட்டினால் முதல் கேள்வியே அவன் எங்கே இருக்கிறான், எத்தனை நாளாக இந்தக் காரை ஓடுகிறான் என்பதுதான். பொய் வெளியே வந்தால் நம் கார் சேதத்துக்குக் காசு வராது. அடிபட்ட மற்ற ஆளுக்கு எங்கள் ஒன்ராறியோ மாகாணச் சட்டம் சொல்கிற குறைந்தபட்சம், அதாவது 200,000 டொலர் வரை கொடுத்துவிட்டு அதை நம்மிடமே திருப்பிக் கேட்க நிறுவனத்துக்கு வழி இருக்கிறது. ஒரு மில்லியனுக்கு எடுத்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருப்போம், ஆனால் மிச்சம் எங்கள் வீட்டின் மேல்தான் வந்து விழும். பொய்த் தகவலுக்காக ஒருமுறை காப்புறுதி ரத்தானால் அதற்குப் பிறகு எந்த நிறுவனத்தின் வாசலுக்குப் போனாலும் அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், இன்றைய 6,400 அன்றைக்கு மலிவாகத் தெரியும்.

இன்னொன்று, இதை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. பிள்ளையின் பெயர் காப்புறுதிப் பத்திரத்தில் ஏறுகிற நாளிலிருந்துதான் அவனுக்கு ஒரு காப்புறுதி வரலாறு தொடங்குகிறது. பதினேழில் சேர்த்தால் இருபத்தைந்தில் எட்டு வருட வரலாறு இருக்கும். மறைத்து ஓடவிட்ட பிள்ளை இருபத்தைந்தில் தனக்கென்று கார் வாங்கப் போகும்போது நேற்றுப் பழகினவன் மாதிரித்தான் விலை சொல்வார்கள்.

சரி, எப்படிக் குறைத்தோம் என்று சொல்கிறேன். மகனுக்குத் தனிக் கார் வாங்கும் எண்ணத்தை விட்டோம். ஒரு காரில் மூன்று பேர் என்றால் அவன் இடைக்கிடை ஓடுகிறவன் என்றே பதிவாகிறான், பிரதான சாரதி நான். வீட்டில் ஆட்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப கார்களும் இருந்தால் ஒரு காருக்கு அவனைப் பிரதான சாரதியாகப் போட்டுவிடுவார்கள், செலவு ஏறுவது அங்கேதான். பதினாறில் ஜி1 என்கிற பழகுநர் பத்திரம் எடுத்ததும் போக்குவரத்து அமைச்சு அங்கீகரித்த சாரதிப் பயிற்சிக்கு அனுப்பியிருந்தேன். வகுப்பில் இருபது மணி, காரில் பத்து மணி, வீட்டுப்பாடம் போன்றவை பத்து மணி. காசு கட்டும்போது வயிறு எரிந்தது, ஆனால் பன்னிரண்டு மாதத்துக்குப் பதிலாக எட்டு மாதத்திலேயே ஜி2 சோதனைக்குப் போக முடிந்தது, அந்தச் சான்றிதழுக்காகக் காப்புறுதியிலும் குறைத்தார்கள். வகுப்புக்கே வராமல் சான்றிதழ் தருகிறேன் என்று சொல்கிறவர்களிடம் போகாதீர்கள். அங்கீகாரம் உள்ள பள்ளிகளின் பட்டியல் அமைச்சின் இணையத்தளத்திலேயே இருக்கிறது.

குளிர்கால டயருக்கு நிறுவனங்கள் கழிவு கொடுக்கத்தான் வேண்டும், 2016 ஜனவரியிலிருந்து அது கட்டாயம். ஆனால் நாங்களாகக் கேட்கும் வரை எங்களுக்கு ஒருவரும் சொல்லவில்லை. வீட்டுக் காப்புறுதியையும் அதே இடத்துக்கு மாற்றினோம். டிடக்டிபிளை, அதாவது விபத்தானால் நாம் முதலில் கையிலிருந்து போடவேண்டிய காசை, 500இலிருந்து 1,000 ஆக்கினோம். இத்தனை பழைய காருக்கு மோதல் காப்புறுதி, அதாவது நம் பிழையால் மோதினால் நம் காரைத் திருத்தக் காசு தருவது, எதற்கு என்று யோசித்து அதையும் எடுத்துவிட்டோம். கடன் உள்ள கார் வைத்திருப்பவர்கள் இதைச் செய்ய முடியாது.

அப்புறம் காப்புறுதி நிறுவனத்தின் செயலி. மகனின் போனில் போட்டு, எவ்வளவு வேகம், எப்படிப் பிரேக் பிடிக்கிறான் என்று பார்த்துக் கழிவு கொடுப்பார்கள். முதலில் அவனுக்குப் பிடிக்கவே இல்லை. இரண்டாம் மாதம் நான் பக்கத்தில் இருக்க, எக்ளிங்டனில் முன்னால் போன கார் திடீரென்று நின்றது. அவன் தூரம் விட்டு ஓடியபடியால் மெதுவாகவே நிறுத்தினான், போனில் ஒரு சத்தமும் வரவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தான். அந்தக் கழிவு வராமல் போயிருந்தாலும் எனக்குக் கவலை இல்லை.

எல்லாம் சேர்ந்து 4,700இல் வந்து நின்றது. இப்போதும் அது பெரிய காசுதான், ஒப்புக்கொள்கிறேன். ஐந்து இடத்தில் விலை கேட்டோம். ஒரே நிறுவனத்துக்கு வேலை செய்யும் முகவர் அந்த நிறுவனத்தின் விலையைத்தான் சொல்வார், பல நிறுவனங்களைப் பார்க்கிற புரோக்கர் வேறு. அந்தப் புரோக்கர் பதிவு பெற்றவரா என்று, ஒன்ராறியோவில் புரோக்கர்களைப் பதிவு செய்கிற ரிபோ (RIBO) அமைப்பின் தளத்தில் பெயரைத் தட்டிப் பாருங்கள். சமூக ஊடகத்தில் மலிவாகப் பிங்க் ஸ்லிப், அதாவது காப்புறுதி அத்தாட்சி அட்டை, விற்கிறவர்களிடம் ஏமாந்தால் காப்புறுதி இல்லாமல் ஓடிய கணக்கு, முதல் தடவைக்கே 5,000 டொலரிலிருந்து 25,000 வரை தண்டம்.

ஸ்காபரோ, பிரம்ப்டன் தபால் குறியீடு என்பதற்காக நாங்கள் ஏன் கூடக் கட்ட வேண்டும் என்ற கோபம் எனக்கும் இருக்கிறது. 2018இல் ஒன்ராறியோ சட்டமன்றத்தில் இரண்டு கட்சி உறுப்பினர்கள் இதை மாற்றத் தனித்தனியே சட்டமூலம் கொண்டுவந்தார்கள், ஒன்றும் நிறைவேறவில்லை. வாக்குக் கேட்டு வருகிறவர்களிடம் இதை விடாமல் கேட்க வேண்டும், உங்கள் பத்திரிகையும் கேட்க வேண்டும். அதற்காகப் பிள்ளைக்கு முதல் காரோடு சேர்த்து முதல் பொய்யையும் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அந்தத் தாய் விரும்பினால் எங்கள் புதுப்பித்தல் பத்திரத்தைப் பெயரும் இலக்கமும் மறைத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பிவைக்கிறேன். எந்த வரியில் எவ்வளவு குறைந்தது என்று அதில் இருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டே தன் புரோக்கரிடம் வரி வரியாகக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு தந்தை,
ஸ்காபரோ.