கிலோ ஓம் கணக்கு பார்த்து பிக்கப் வாங்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

பேஸ் கிட்டாருக்கு மாற்று பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும், காந்தமும் கம்பிச் சுருளும் கொண்ட பாகம்) வாங்குவது பற்றித் தங்கள் இசைப் பகுதியில் வந்த குறிப்பில், கிலோ ஓம் அதிகமுள்ள பிக்கப்தான் சத்தமாக ஒலிக்கும் என்று இருக்கிறது. அது தவறு. அந்த வரியை நம்பி வாங்குகிறவர்கள் பணத்தை வீணாக்குவார்கள் என்பதால் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

மீட்டர் காட்டும் அந்த எண், சுருளில் இருக்கும் செம்புக் கம்பியின் மின்தடை மட்டுமே. அதே எண்ணிக்கைச் சுற்றுகளை 42 கேஜ் கம்பிக்குப் பதில் அதைவிட மெல்லிய 43 கேஜ் கம்பியில் சுற்றினாலே மின்தடை ஏறிவிடும். சத்தம் ஏறாது. ஜாஸ் பேஸ் (ஃபெண்டர் கம்பெனியின் ஒரு மாடல்) வகை ஒற்றைச் சுருள் பிக்கப் ஏறக்குறைய 7 முதல் 8 கிலோ ஓம் காட்டும். அதே கம்பெனியின் பிரசிஷன் பேஸ் வகை 10, 11 என்று காட்டும். பின்னதில் இரண்டு பாதிகள் தொடராக இணைந்திருப்பதும் அதற்கு ஒரு காரணம். ஒரே வகை, ஒரே கம்பி, ஒரே காந்தம் என்றால் மட்டுமே இரண்டு எண்களை ஒப்பிடலாம். அப்போதும் சுற்று கூடக்கூடச் சத்தத்தோடு சேர்ந்து மேல் ஸ்தாயியின் தெளிவு குறையும். 'ஹாட்' (கூடுதல் சுற்று கொண்டது) என்று விற்பதை மாட்டிய பிறகு ஸ்லாப் (தந்தியைக் கட்டைவிரலால் அடிக்கும்) வாசிப்பில் பளிச்சென்ற ஒலி காணாமல் போவது இதனால்தான்.

வாங்குமுன் கையில் எடுக்க வேண்டியது ஸ்கேல். கிட்டாரில் பிக்கப் உட்காரும் குழியின் நீளம், அகலம், ஆழம், திருகுத் துளைகளின் இடம் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் குறித்துக்கொள்ளுங்கள். வழக்கமான ஜாஸ் பேஸில் பிரிட்ஜ் (தந்திகளைத் தாங்கும் பாலம்) பக்க பிக்கப், நெக் (விரல் வைக்கும் கழுத்து) பக்கத்தைவிட ஏறக்குறைய 3 மி.மீ. நீளம், ஆனால் இரண்டும் ஒரே நீளத்தில் இருக்கும் கிட்டார்களும் உண்டு. அளக்காமல் ஜோடியாக வாங்கினால் ஒன்று குழிக்குள் இறங்காது. அடுத்து, பிக்கப்புக்கு நேர் மேலே முதல் தந்தியின் மையத்திலிருந்து கடைசித் தந்தியின் மையம் வரை அளக்க வேண்டும். துருவங்கள் (பிக்கப்பின் மேல்முகத்தில் தந்திகளுக்குக் கீழே இருக்கும் காந்த முனைகள்) தந்திக்கு நேராக வராவிட்டால் ஓரத் தந்திகள் மெலிந்து ஒலிக்கும். ஐந்து தந்தி கிட்டாரில் இந்தத் தொல்லை அதிகம். அதற்குத் துருவங்கள் தனித்தனியாக இல்லாமல் நீளப் பட்டைக் காந்தம் கொண்ட பிக்கப் நல்லது.

ஹம் (மின்சாரத்தால் வரும் 'ம்ம்' என்ற) இரைச்சல் பற்றித் தங்கள் குறிப்பு ஒன்றும் சொல்லவில்லை. 1957-ல் வந்த பிரசிஷன் பேஸின் இரு பாதிகளும் காந்தமும் சுற்றும் எதிரெதிராக அமைந்தவை. அதனால் தனக்குள்ளேயே ஹம்மை அடக்கிவிடும். ஜாஸ் பேஸில் இரண்டு பிக்கப்பும் முழு வால்யூமில் இருந்தால்தான் ஹம் அடங்கும். ஒன்றை மட்டும் குறைத்தால் திரும்ப வரும். இரண்டு வகையும் கலந்த பி-ஜே அமைப்பில் ஜாஸ் பிக்கப்பின் ஹம்மை அடக்க எதுவும் இல்லை. அங்கே உள்ளேயே இரண்டு சுருள் கொண்ட ஹம் அடக்கும் வகையை வாங்குவதே சரி.

ஜோடியில் ஒன்றை மட்டும் மாற்றுவோர் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பழையதையும் புதியதையும் மேல்முகத்தோடு மேல்முகம் காட்டிப் பிடியுங்கள். ஈர்த்தால் காந்தங்கள் எதிரெதிர். ஹம் அடங்க வழியுண்டு. தள்ளினால் அடங்காது. பிறகு முள் மீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து பிக்கப்பின் ஒயர்களில் இணைத்து, துருவத்தில் ஒட்டிய இரும்பு ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று பிரித்தெடுங்கள். இரண்டு பிக்கப்பிலும் முள் முதலில் ஒரே பக்கம் சாய வேண்டும். மாறிச் சாய்ந்தால் சேர்த்து வாசிக்கும்போது அடித்தளமே இல்லாத மெலிந்த ஒலிதான் கிடைக்கும். ஒன்றின் இரண்டு ஒயர்களையும் இடம் மாற்றினால் அது சரியாகும். ஆனால் உலோக அடித்தகடோ மூடியோ எர்த் ஒயருடன் இணைந்திருந்தால், அந்த இணைப்பைப் பிரித்துத் தனி எர்த் கொடுத்த பிறகே மாற்ற வேண்டும். இல்லையேல் மூடியைத் தொட்டாலே இரையும்.

பேட்டரி இருப்பதால் பிக்கப்பும் ஆக்டிவ் (பேட்டரியில் இயங்குவது) என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். 1976-ல் வந்த ஸ்டிங்ரே பேஸிலேயே பிக்கப் பாசிவ்தான் (பேட்டரி தேவைப்படாதது), சிக்னலைப் பெருக்கும் ப்ரீஆம்ப்தான் ஆக்டிவ். பேட்டரி ஒயர் பிக்கப்புக்குப் போகாமல் சர்க்யூட் போர்டோடு நின்றுவிட்டால் சாதாரண பாசிவ் பிக்கப்பே போதும். உண்மையான ஆக்டிவ் பிக்கப்புக்கு 25 கிலோ ஓம் கன்ட்ரோல்களும் (வால்யூம், டோன் திருகிகளும்) ஸ்டீரியோ ஜாக்கும் தேவை. பழைய 250 கிலோ ஓம் கன்ட்ரோலையே விட்டுவைத்தால் வால்யூம் படிப்படியாகக் குறையாது, ஒரே இடத்தில் சரிந்துவிடும். பாசிவ் ஒற்றைச் சுருளுக்கு 250 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் வழக்கம். 500 போட்டால் ஒலி கூர்மையாகும், சிலருக்கு அது உறுத்தும்.

சால்டர் செய்வது பெரிய வித்தை இல்லை. பழைய ஒயர்களைக் கழற்றுமுன் ஒரு படம் எடுத்துவையுங்கள். பிரிட்ஜுக்குப் போகும் எர்த் ஒயரை அறுத்துவிடாதீர்கள்.

மாட்டியதும் பிடிக்கவில்லை என்று உடனே விற்கப் புறப்படாமல் உயரத்தைச் சரிபாருங்கள். தந்தியைக் கடைசி ஃப்ரெட்டில் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கம்பி) அழுத்திப் பிடித்து, தந்தியின் அடிக்கும் துருவத்துக்கும் நடுவே தடித்த தந்தியில் 3 மி.மீ., மெல்லியதில் 2 மி.மீ. என்று தொடங்கலாம். அதைவிட நெருங்கினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃப்ரெட்களில் சுருதி ஆடும். பிரிட்ஜ் அருகே தந்தியின் அசைவு குறைவு என்பதால் அந்த பிக்கப்பைச் சற்று உயர்த்தியே வைக்க வேண்டும். தந்தி பழையதாக இருந்தால் இதையெல்லாம் செய்யுமுன் புதுத் தந்தி போட்டுக் கேளுங்கள். பலருக்கு பிக்கப் மாற்றும் தேவையே அத்தோடு தீர்ந்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்