மாமாவுக்கு: கோட்டோருக்கு கார் வேண்டாம், பஸ்ஸில் போங்கள்

அன்புள்ள மாமாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அத்தைக்கு முழங்கால் வலி இப்போது பரவாயில்லையா?

நீங்கள் வாட்ஸப்பில் அனுப்பிய குரோஷியா பயணத் திட்டத்தைப் பார்த்தேன். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் பொதுப்பணித்துறை எஸ்டிமேட் போடுகிற கை போகவில்லை. கட்டம் கட்டமாக எல்லாம் சரியாக இருக்கிறது. டுப்ரோவ்னிக்கில் தங்கும் நாட்களில் ஒன்றுக்கு எதிரே மட்டும், பக்கத்து நாட்டுக்குப் போய்வர, "மான்டினீக்ரோ, கார்?" என்று கேள்விக்குறி போட்டிருக்கிறீர்கள். அதற்குத்தான் இந்தக் கடிதம். இதே கேள்வியை வேறு சிலரும் கேட்டுவிட்டதால் பொதுவிலேயே போடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

என் பதில்: கட்டாயம் போங்கள், ஆனால் கார் எடுக்காதீர்கள். விடிகாலையில் ஏற்றிக்கொண்டு, மான்டினீக்ரோவின் கடலோர ஊர்களை ஹெர்செக் நோவி, பெராஸ்ட், கோட்டோர், புட்வா என்று காட்டிவிட்டு, இருட்டுவதற்குள் கொண்டுவந்து விடுகிற கைடு பஸ் போதும். "கொடி பிடிக்கிறவன் பின்னால் ஆட்டு மந்தை மாதிரிப் போகவா?" என்று நீங்கள் கேட்பது எனக்கே கேட்கிறது. ஊர் பார்க்கும் நேரத்தில் கொஞ்சம் மந்தைதான். ஆனால் அந்த நாளில் நீங்கள் காசு கொடுப்பது ஊர்களுக்கு இல்லை, சாலைக்கு. கடலைச் சுற்றிப் போகும் அந்தச் சாலையில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற வண்டியின் பின்விளக்கைப் பார்ப்பதற்கு, ஜன்னலோரம் உட்கார்ந்து பார்ப்பதே மேல்.

முதலில் விசா. இதைப் பார்க்காமல் சீட்டு பதிவு செய்யவே செய்யாதீர்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல், ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கன் பகுதிக்குள் வந்துவிட்டது. மான்டினீக்ரோ ஷெங்கனும் இல்லை, ஐரோப்பிய ஒன்றியமும் இல்லை. செல்லுபடியாகும் ஷெங்கன் விசா கையில் இருந்தால் இந்தியப் பாஸ்போர்ட்காரர்களுக்குத் தனி மான்டினீக்ரோ விசா தேவையில்லை. ஆக, போவது சுலபம். சிக்கல் திரும்பி வருவதில்தான். காலையில் எல்லையைத் தாண்டியதும் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. சாயங்காலம் திரும்புவது இரண்டாவது நுழைவு. விசா ஸ்டிக்கரில் எத்தனை முறை நுழையலாம் என்கிற இடத்தில் '01' என்று இருந்தால் பெட்டியெல்லாம் டுப்ரோவ்னிக் அறையில் இருக்க, நீங்கள் மட்டும் எல்லையில் நிற்பீர்கள். பல முறை நுழையலாம் என்று பொருள்படும் 'மல்ட்' (MULT) என்றோ, நுழைவுக் கணக்கு மிச்சமிருக்கிற '02' என்றோ இருக்க வேண்டும். பயண நிறுவனங்கள் இதைப் பெரிதாகச் சொல்வதில்லை. அவர்களுடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலானோருக்கு விசாவே தேவைப்படாது, அதனால்தான். கிளம்புமுன் விதி மாறியிருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எல்லையிலும் இதன் வால் தொடரும். குரோஷியப் பக்கம் கரசோவிச்சி, அந்தப் பக்கம் டெபெலி பிரெக். இரண்டு சாவடி, இரண்டு வரிசை. வண்டி நிறைய வெள்ளைக்காரர்கள் இருப்பார்கள், அவர்களுடையது சடசடவென்று முடியும். நம் பாஸ்போர்ட் வந்ததும் அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டுவார், விசாவைச் சாய்த்துப் பார்ப்பார். ஒன்றும் தப்பில்லை, அவர் வேலை அது. ஆனால் பஸ் முழுக்க நமக்காகக் காத்திருப்பது போல ஒரு கூச்சம் வரும் பாருங்கள், அதற்கு என் வழி, கதவு திறந்ததும் முதல் ஆளாக இறங்கி வரிசையில் முன்னால் நின்றுவிடுவது. 2025 அக்டோபர் 12 முதல் முத்திரைக்குப் பதிலாகக் கைரேகையும் முகப் படமும் எடுக்கும் புது முறை படிப்படியாக வந்திருக்கிறது, அதற்கும் நேரம் பிடிக்கும். ஜூலை, ஆகஸ்டில் இந்த எல்லையில் மணிக்கணக்கில் நின்றவர்கள் உண்டு. நீங்கள் செப்டம்பர் கடைசியில் போவது நல்லதாகப் போயிற்று.

சரி, இடம். வண்டியில் வலது பக்கம் உட்காருங்கள். இதை எங்கேயும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள். டுப்ரோவ்னிக்கை விட்டு மேலே ஏறும்போது கோட்டைச் சுவருக்குள் பழைய நகரம் முழுவதும் வலப்பக்கம் கீழே தெரியும். விமான நிலையம் தாண்டி எல்லை வரை சமவெளி. மான்டினீக்ரோவுக்குள் போனபின் கோட்டோர் விரிகுடாவைச் சாலை சுற்றிக்கொண்டு போகிறது, தண்ணீர் கடைசி வரை வலப்பக்கமேதான். இடது பக்கம் உட்கார்ந்தவர்களுக்குப் பாறையும் பக்கத்து ஆளின் தலையும் தெரியும்.

அந்தச் சமவெளியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கொனாவ்லே என்று பெயர். திராட்சைத் தோட்டம், சைப்ரஸ் மரம், ஓட்டு வீடு என்று பார்க்க அமைதியாக இருக்கும். குரோஷியா யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்துகொண்டிருந்த 1991 அக்டோபரில் யூகோஸ்லாவிய ராணுவம் இந்த வழியாகத்தான் டுப்ரோவ்னிக்கை முற்றுகையிட வந்தது. அதில் மான்டினீக்ரோவிலிருந்து திரட்டப்பட்ட ரிசர்வ் படையினரும் இருந்தார்கள். வீடுகளைச் சூறையாடி எரித்தார்கள். அந்த டிசம்பர் 6-ஆம் தேதி டுப்ரோவ்னிக் பழைய நகரத்தின் மேலேயே குண்டு விழுந்தது. 2000-இல் மான்டினீக்ரோ அதிபராக இருந்த மிலோ ஜுகனோவிச் இதற்காகக் குரோஷியாவிடம் மன்னிப்புக் கேட்டார். இன்றைக்கு அதே சாலையில் தினமும் சுற்றுலா பஸ்கள் வரிசை கட்டுகின்றன. எங்களுடன் வந்த குரோஷியக் கைடு இதை இரண்டு வாக்கியத்தில் முடித்துக்கொண்டு அந்த ஊர் ஒயினைப் பற்றிப் பேசப் போய்விட்டார். கோட்டோருக்குள் அழைத்துப் போன உள்ளூர்க் கைடு அதைத் தொடவே இல்லை, அந்த ஊரை முன்பு ஆண்ட வெனிஸ்காரர்கள் காலத்திலேயே நின்றுகொண்டார். கைடு சொல்வதைக் கேட்பதைவிட, எதை எவ்வளவு வேகமாகத் தாண்டுகிறார் என்று கவனிப்பது எனக்குப் பிடிக்கும். காரில் போனால் இது கிடைக்காது.

ஹெர்செக் நோவியைப் பெரும்பாலும் ஜன்னல் வழியாகத்தான் காட்டுவார்கள். அப்புறம்தான் விரிகுடா. இதைக் கைடு "ஐரோப்பாவின் தெற்குக் கோடி ஃபியார்டு" என்பார். நீங்கள் சண்டைக்குப் போகாதீர்கள். ஃபியார்டு என்றால் பனிப்பாறை குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்தது, இது அப்படி இல்லை. ஆறு அறுத்த பள்ளத்தாக்கில் கடல் ஏறி நிற்கிறது, அவ்வளவுதான். ஆனால் பார்க்கிறபோது பெயரைப் பற்றிய கவலை வராது. தண்ணீர் விளிம்பில் சாலை, சாலையை ஒட்டிக் கல் வீடு, வீட்டுக்குப் பின்னால் நேராக எழும் சுண்ணாம்புப் பாறை. ஓர்யென் மலை 1,894 மீட்டர், கடலிலிருந்தே தொடங்குகிறது. கடல் காற்று அதில் மோதி மேலே ஏறுவதால் அங்கே இருக்கும் ட்ஸ்ர்க்விட்ஸே என்ற குக்கிராமத்தில் ஆண்டுக்கு 4,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை. ஐரோப்பாவிலேயே அதிகம் மழை பெய்கிற இடங்களில் ஒன்று. கீழே கரையில் ஆரஞ்சு மரம்.

இரண்டு மலைகளுக்கு நடுவே கடல் சுமார் 340 மீட்டர் அகலத்துக்கு ஒடுங்குகிற இடம் ஒன்று வரும். உள்ளே போகும்போது கரையோரமாகவே சுற்றிப் போகிற வண்டியைத்தான் தேர்ந்தெடுங்கள், பதிவு செய்யும்போதே கேளுங்கள். சில நிறுவனங்கள் போகும்போதும் வரும்போதும் பஸ்ஸை ஃபெர்ரியில் ஏற்றி குறுக்கே கடந்துவிடுகின்றன. நேரம் மிச்சம்தான், ஆனால் பெராஸ்ட் போச்சு.

பெராஸ்ட் போனால்தான் மனிதர்களே கல் கொட்டி உண்டாக்கிய ஒரு தீவைப் பார்க்க முடியும். உங்களுக்காகவே கட்டியது போல இருக்கும். கரைக்கு எதிரே இரண்டு சின்னத் தீவுகள். சைப்ரஸ் மரம் அடர்ந்து கல்லறைத் தோட்டத்தோடு இருப்பது இயற்கையானது, அங்கே இறங்க முடியாது. நீல கும்மட்டத்தோடு கோயில் இருப்பது மனிதன் போட்டது. பாறை நிரப்பிய பழைய கப்பல்களை அதே இடத்தில் மூழ்கடித்து, மேலே கல்லாகக் கொட்டிக் கொட்டி உண்டாக்கியிருக்கிறார்கள். 1452 ஜூலை 22-இல் கடலில் ஒரு பாறை மேல் மாதா படம் கிடைத்தது என்று ஐதீகம். இன்றும் ஒவ்வொரு ஜூலை 22 சாயங்காலமும் ஊர்க்காரர்கள் படகுகளை ஒன்றோடு ஒன்று கட்டி ஊர்வலமாகப் போய்த் தீவைச் சுற்றிக் கல் போடுகிறார்கள். சடங்கு என்றும் சொல்லலாம், பராமரிப்பு வேலை என்றும் சொல்லலாம். டெண்டர் கிடையாது, காண்ட்ராக்டர் கிடையாது, ஐந்நூறு வருஷத்துக்கு மேலாக நிற்கிறது.

கோயிலுக்குள் அத்தைக்கு வேலை இருக்கிறது. சுவரில் வரிசை வரிசையாக வெள்ளித் தகடுகள், புயலில் சிக்கிய கப்பல்களைப் பொறித்தவை. பிழைத்து வந்த மாலுமிகள் காணிக்கையாகக் கொடுத்தது. வேளாங்கண்ணியில் பார்த்திருப்பதால் அத்தைக்கு யாரும் விளக்க வேண்டியிருக்காது. பக்கத்துக் காட்சிக்கூடத்தில் ஒரு பூவேலைப் படம் இருக்கிறது. யசிண்டா குனிச் என்ற பெண், கடலுக்குப் போன தன் கணவனுக்காகக் காத்திருந்தபடி 25 வருஷம் தைத்தது என்கிறார்கள். பட்டு, தங்க நூலோடு தன் தலைமுடியையும் வைத்துத் தைத்திருக்கிறாள். குட்டித் தேவதைகளின் தலைமுடியைக் கிட்டப் போய்ப் பாருங்கள். தொடங்கிய இடத்தில் கருப்பு, முடித்த இடத்தில் நரை. கூட்டம் பின்னாலிருந்து தள்ளும், நகராதீர்கள்.

கோட்டோரில் இரண்டு மணி நேரம் தருவார்கள். அதில் பாதி கைடோடு போய்விடும். நகரத்துக்கு மேலே மலை மீது ஏறும் கோட்டைச் சுவரைப் பார்த்ததும் உங்களுக்குக் கை அரிக்கும், தெரியும். மொத்தச் சுவர் நாலரை கிலோமீட்டர். உச்சிக்கு 1,350 படி, கிட்டத்தட்ட இரண்டு பழனி. அத்தையை விட்டுவிட்டு நீங்கள் மட்டும் போவதென்றாலும் பாதி வழியில் இருக்கும் சின்னக் கோயிலோடு திரும்பிவிடுங்கள். ஓடுகளும் விரிகுடாவும் அங்கிருந்தே தெரியும். இறங்கும்போதுதான் கால் வழுக்குகிறது, வழவழப்பான சுண்ணாம்புக் கல். அத்தை அதற்குள் கீழே பூனைகளோடு உட்கார்ந்திருக்கலாம். ஊர் முழுக்கப் பூனைதான், யாரும் விரட்டுவதில்லை.

1166-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித டிரைஃபோன் பேராலயத்தின் இரண்டு கோபுரங்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். 1667 நிலநடுக்கத்தில் விழுந்து மறுபடி கட்டியவை, ஒன்று முழுசாக முடியவே இல்லை. 1979 ஏப்ரல் 15 நிலநடுக்கத்தில் இந்த ஊரே மீண்டும் நொறுங்கியது. அதே வருஷம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தார்கள், ஆபத்தில் உள்ள இடம் என்ற குறிப்போடு. அந்தக் குறிப்பு 2003-இல்தான் நீங்கியது. இப்போது ஆபத்து வேறு மாதிரி. துறைமுகத்தில் பெரிய சொகுசுக் கப்பல் நின்றால் சந்துகளில் நடக்கவே இடமிருக்காது. எந்த நாளில் எந்தக் கப்பல் வருகிறது என்று இணையத்தில் அட்டவணை கிடைக்கிறது, அதைப் பார்த்து நாளைத் தேர்ந்தெடுங்கள்.

புட்வாவைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகமில்லை. பழைய பகுதி அழகுதான், ஆனால் சுற்றிலும் கான்கிரீட் அடுக்குமாடி. ஸ்வேட்டி ஸ்டெஃபான் தீவைச் சாலையிலிருந்து படம் எடுக்க நிறுத்துவார்கள், அதற்குள் இருப்பது ஹோட்டல். புட்வா இல்லாமல் பெராஸ்ட்டிலும் கோட்டோரிலும் கூடுதல் நேரம் தரும் பஸ் கிடைத்தால் யோசிக்காமல் அதை எடுங்கள்.

சாப்பாடு: மதிய உணவு சேர்ந்த டிக்கெட் வேண்டாம். பன்றித் தொடையைப் புகையில் உலர்த்தியதும் மீனும்தான் அங்கே பெருமை, சைவம் என்றால் சாலட்டைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார்கள். பேக்கரியில் பாலாடைக்கட்டியோ கீரையோ வைத்த புரெக் என்ற மாவுப் பண்டம் கிடைக்கும், சுடச்சுட. உட்கார்ந்து சாப்பிடுவதென்றால் பிளிட்வா கேளுங்கள். கீரையும் உருளைக்கிழங்கும் பூண்டும் ஆலிவ் எண்ணெயில் வதக்கியது, அத்தைக்கு ஒத்துக்கொள்ளும். பணம் மாற்ற வேண்டியதில்லை. மான்டினீக்ரோ ஒன்றியத்தில் இல்லாவிட்டாலும் யூரோதான் புழங்குகிறது. கழிப்பறைக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பிய சிம்மின் ரோமிங் சலுகை எல்லைக்கு அந்தப் பக்கம் செல்லாது, கரசோவிச்சி வருவதற்குள் மொபைல் டேட்டாவை அணைத்துவிடுங்கள். அத்தை தெரியாமல் பேத்திக்கு வீடியோ கால் போட்டால் பில் தாங்காது.

திரும்பும்போது ஃபெர்ரியில் கடப்பார்கள், பத்து நிமிடம், இறங்கி மேல்தளத்தில் நிற்கலாம். எல்லையில் எவ்வளவு நேரம் ஆகும் என்று யாராலும் சொல்ல முடியாது. அன்று ராத்திரிக்கு எந்த முன்பதிவும் வைக்காதீர்கள், மறுநாள் விடிகாலை விமானமும் வேண்டாம்.

விசா ஸ்டிக்கரைப் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். பஸ்ஸை அதற்குப் பிறகு பதிவு செய்யலாம்.

அன்புடன்,
உங்கள் மருமகன்