மாவட்டப் பேச்சுப் போட்டிக்குப் போகும் தங்கைக்கு

அன்புள்ள தங்கைக்கு,

பள்ளியில் முதலிடம் வாங்கி, மாவட்டப் போட்டிக்குத் தேர்வாகியிருக்கிறாய். ரொம்ப மகிழ்ச்சி. தலைப்பு அண்ணா, கையில் பத்து நாள். எழுதி வைத்திருப்பதில் பெரிய குறை இல்லை. சொல்லும்போதுதான் ஒரு குறை: உன் வாக்கியங்களின் வால் காதில் விழவில்லை.

தமிழில் வினைமுற்று கடைசியில் வருகிறது. நடந்ததா இல்லையா, செய்தது யார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். மூச்சும் சரியாக அங்கேதான் தீர்ந்துபோகும். "ஏற்கவில்லை" என்பதில் "வில்லை" தொண்டைக்குள்ளேயே நின்றுவிட்டால், பின்வரிசையில் இருப்பவர் நேர்மாறாகப் புரிந்துகொள்வார். குரலை உயர்த்திக் கத்தினால் இது சரியாகாது, வாக்கியத்தை வெட்ட வேண்டும்.

நீ எழுதியிருப்பது இது: "1967 ஜூலை 18 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறிய தீர்மானத்தின் தொடர்ச்சியாக 1969 ஜனவரி 14 அன்று தமிழ்நாடு என்று பெயர் மாறிய இருபதாம் நாளில் அண்ணா மறைந்தார்." கண்ணுக்குப் பிழையில்லை, வாய்க்குத்தான் பாரம். இப்படிச் சொல்லிப் பார்:

"1967 ஜூலை 18. சட்டமன்றத்தில் தீர்மானம் நிறைவேறியது. 1969 ஜனவரி 14. சென்னை மாநிலம் தமிழ்நாடு ஆனது. இருபதே நாள். பிப்ரவரி 3, அண்ணா மறைந்தார்."

"ஆனது" என்றதும் நிறுத்தி, மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணு. அந்த இரண்டு நொடியில்தான் அரங்கம் உன் பக்கம் திரும்பும். "இருபதே நாள்" என்பதைத் தாழ்ந்த குரலில் சொல். ஆனால் "மறைந்தார்" முழுசாக வெளியே வரவேண்டும்.

பத்துச் சொல்லைத் தாண்டும் வாக்கியத்தையெல்லாம் இப்படியே பிரி. மூச்சுக்கு ஒரு கோடு, நிறுத்தத்துக்கு இரண்டு கோடு என்று பென்சிலால் போட்டுக்கொள். செல்போனில் பதிவை ஓடவிட்டு, இருபதடி தள்ளி வைத்துப் பேசு. திரும்பக் கேட்கும்போது வினைமுற்றை மட்டும் கவனி. ழகரமும் அதில் தெரிந்துவிடும். நாக்கு நுனி மேலண்ணத்தைத் தொட்டால் அது "ள". தொடாமல் உள்ளே வளைந்தால்தான் "ழ".

மேடையில் நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொல் போகும். ஐந்து நிமிடம் என்றால் 430 சொல்லுக்கு மேல் வைத்துக்கொள்ளாதே. கைத்தட்டலுக்கும் நிறுத்தத்துக்கும் இடம் வேண்டும். நடுவர், தலைமை, அவையோர் என்று விளிப்பது பதினைந்து நொடிக்குள் முடியட்டும். தமிழ்த்தாயைப் புகழும் அடுக்குமொழியை நடுவர்கள் அன்று காலையிலிருந்தே கேட்டுக்கொண்டிருப்பார்கள். நீ நேராக 1967க்குப் போ.

முழுதும் மனப்பாடம் செய்யாதே. ஒரு சொல் நழுவினால் அடுத்ததெல்லாம் சரியும். முதல் மூன்று வாக்கியமும் கடைசி இரண்டும் மட்டும் மனப்பாடமாக இருக்கட்டும். நடுவில் உள்ளதற்கு நான்கு குறிப்புச் சொல் போதும். மறந்துவிட்டால் கடைசியாகச் சொன்ன வாக்கியத்தை நிதானமாகத் திரும்பச் சொல்லிவிட்டு அடுத்த குறிப்புக்குத் தாவு. "மன்னிக்கவும்" வேண்டாம். விட்டுப்போனது உனக்கு மட்டும்தான் தெரியும்.

குறளில் அவையறிதல் 72ஆம் அதிகாரம், அவையஞ்சாமை 73. அந்த வரிசை எனக்கு மிகவும் பிடிக்கும். முன்னதாகவே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்து, மேடையில் பேசுகிறவர் குரல் அங்கே எப்படிக் கேட்கிறது என்று பார். மின்விசிறிச் சத்தம் அதிகமா, எதிரொலிக்கிறதா என்று கவனி. எதிரொலித்தால் இன்னும் மெதுவாகப் பேச வேண்டும்.

மைக் வாய்க்கு நேராக வேண்டாம், மோவாய் உயரத்தில் ஒரு சாண் தள்ளி இருக்கட்டும். மிக நெருங்கினால் "ப" வரும் இடமெல்லாம் வெடிக்கும். முந்தைய மாணவர் உன்னைவிட உயரமாக இருந்திருந்தால், முதலில் மைக்கை இறக்கு, பிறகு வணக்கம் சொல். தட்டாதே, ஊதாதே. கையில் பிடிக்கும் மைக் என்றால் அதன் தலையை விரலால் மூடாதே, ஸ்பீக்கர் பக்கம் திருப்பாதே. கூவிவிடும்.

"நன்றி, வணக்கம்" என்பதைக் கடைசி வாக்கியத்தோடு ஒட்டிச் சொல்லிவிட்டு ஓடாதே. வாக்கியம் முடியட்டும். ஒரு மூச்சு விடு. பிறகு நன்றி சொல்லி, மைக்கைவிட்டு விலகு.

அன்புடன்,
அக்கா