வயிற்றுப்போக்குச் செய்திகளில் வரும் ‘ஒவ்வாமை’ என்ற சொல்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஒரே இடத்தில் உண்ட பலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் ஏற்பட்டால், மறுநாள் நாளிதழ்களில் ‘உணவு ஒவ்வாமையால் பாதிப்பு’ என்ற தலைப்பே பெரும்பாலும் வருகிறது. தங்கள் இதழும் இதற்கு விலக்கன்று. நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் பல ஆண்டுகள் மல மாதிரிகளைச் சோதித்து ஓய்வுபெற்றவன் என்ற முறையில், அந்த ஒரு சொல்லைப் பற்றி எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். செய்தி புரிகிறதே, சொல் எதுவாக இருந்தால் என்ன என்று சிலர் கேட்கலாம். இந்தச் சொல் தவறும்போது நோயின் காரணமே தவறிவிடுகிறது. அடுத்து நோய்வாய்ப்படப் போகிறவர் எதைக் கண்டு எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பதும் அத்துடன் மறைந்துவிடுகிறது.

ஒவ்வாமை என்பது, பிறருக்குத் தீங்கு செய்யாத ஒரு பொருளை ஒருவருடைய உடலின் எதிர்ப்பாற்றல் மட்டும் பகையாகக் கருதிக் கிளர்ந்தெழுவது. அது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதும் இல்லை. நாற்பது பேர் ஒரே இரவில் கழிவறைக்கு ஓடினால், அந்த நாற்பது பேரும் ஒரே கிருமியையோ அக்கிருமி உணவில் விட்டுச்சென்ற நஞ்சையோ விழுங்கியிருக்கிறார்கள் என்றுதான் முதலில் எண்ண வேண்டும். ஒவ்வாமை என்று எழுதிவிட்டால் குறை உண்டவருடைய உடம்பில் இருப்பதாக ஆகிவிடுகிறது. சமைத்தவர் கையும், குடித்த நீரும், அந்நீர் வந்த குழாயும் விசாரணையிலிருந்து தப்பிவிடுகின்றன.

இதே செய்திகளில் இன்னொரு வழக்கமும் உண்டு. நோய் தொடங்குவதற்குச் சற்று முன்பு உண்ட உணவின் மேலேயே பழி விழும். சில நேரங்களில் அது சரியாகவும் இருக்கும். ஸ்டஃபிலோகாக்கஸ் ஆரியஸ், பேசில்லஸ் சீரியஸ் ஆகிய பாக்டீரியாக்கள் ஆறிக் கிடக்கும் உணவில் பெருகும்போதே நஞ்சைச் சுரந்து வைத்துவிடுவதால், உண்ட சில மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்கிவிடும். அந்த நஞ்சு வெப்பத்தைத் தாங்கக்கூடியது என்பதால், பழைய உணவை மீண்டும் கொதிக்க வைத்தாலும் கிருமி சாகுமே தவிர நஞ்சு எஞ்சி நிற்கும். ஆனால் மற்றக் கிருமிகள் குடலுக்குள் போய்ப் பெருகிய பிறகே தம் வேலையைக் காட்டுகின்றன. நோரோவைரஸுக்கு 12 முதல் 48 மணி நேரம் வேண்டும். காலராவுக்குச் சில மணி நேரமும் போதும், ஐந்து நாள்வரையும் ஆகலாம். கேம்பிலோபாக்டர் பொதுவாக இரண்டு முதல் ஐந்து நாள் எடுத்துக்கொள்ளும். ஜியார்டியா என்ற ஒருசெல் உயிரியோ ஒன்று, இரண்டு வாரங்களைக்கூட எடுத்துக்கொள்ளும். ஆகவே இன்று காலை வயிறு கலங்கியவருக்கு நேற்றிரவு உணவே பகை என்று சொல்வது பல நேரங்களில் நிரபராதியைக் கூண்டில் ஏற்றுவதாகும்.

கிருமி எது என்பதை ஆய்வகத்தில் எப்படி அறிகிறோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பெரும்பாலான வாசகர்கள் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். மாதிரி வந்ததும் முதலில் வெறும் கண்ணால்தான் பார்ப்போம். அரிசி கழுவிய நீரைப்போல வெளிறி, ஏராளமாகப் போயிருந்தால் காலரா நினைவுக்கு வரும். கொஞ்சமாக, சளியும் இரத்தமும் கலந்து போயிருந்தால் அது சீதபேதி, ஷிகெல்லா என்ற பாக்டீரியாவையோ அமீபாவையோ தேட வேண்டும். பிறகு ஒரு துளியை உப்புநீரில் கலந்து, ஸ்லைடில் வைத்து, மேலே கவர் ஸ்லிப்பை மூடி நுண்ணோக்கியின் கீழ் பார்ப்போம். ஜியார்டியா உதிர்ந்த இலை காற்றில் புரண்டு வருவதுபோல அசையும். காலராக் கிருமி எரிநட்சத்திரம்போலச் சட்டெனப் பாய்ந்து மறையும். சீதபேதியை உண்டாக்கும் அமீபா, மாதிரியின் சூடு ஆறுவதற்குள் பார்த்தால்தான் மெல்லக் காலை நீட்டி நகரும். அது விழுங்கிய சிவப்பணுக்களும் அதன் உடலுக்குள்ளேயே தெரியும். அரை மணி நேரத்துக்கு மேல் தாமதித்து வந்த மாதிரியில் அந்த அசைவு நின்றுபோயிருக்கும். அதன்பின் கண்முன் இருப்பது அமீபாவா, குடலிலிருந்து வந்த வெள்ளணுவா என்று தடுமாற வேண்டியதுதான். தம்முடைய இளகிய மலத்தையே கண்ணாடிவில்லையின் கீழ் வைத்துப் பார்த்து, ஜியார்டியாவை 1681ஆம் ஆண்டிலேயே விவரித்து எழுதிய டச்சுக்காரர் லீவன்ஹூக்கை அந்த நேரங்களில் பொறாமையோடு நினைத்துக்கொள்வேன். மாதிரி தாமதமாக வரும் தொல்லை அவருக்கு இருந்திருக்காது. வைரஸ்கள் எங்கள் நுண்ணோக்கிக்கு அகப்படுவதில்லை. உலகெங்கும் குழந்தைகளைத் தாக்கிவந்த ரோட்டாவைரஸை மின்னணு நுண்ணோக்கியின் உதவியால் 1973இல் மெல்போர்னில் ரூத் பிஷப் குழுவினர் கண்டறியும்வரை, குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி ‘காரணம் தெரியாதது’ என்ற கணக்கிலேயே இருந்தது.

இத்தனை கிருமிகளும் வேறு வேறு இனத்தைச் சேர்ந்தவையாயினும், பரவும் வழி ஏறத்தாழ ஒன்றுதான். ஒருவருடைய மலத்தில், சில நேரங்களில் விலங்கின் மலத்தில், வெளியேறியது இன்னொருவருடைய வாய்க்குள் போய்ச் சேர வேண்டும். நாகரிகம் கருதி நாளிதழ்கள் இந்த வாக்கியத்தை எழுதத் தயங்குகின்றன. அந்தத் தயக்கத்துக்குப் போர்வையாகத்தான் ‘ஒவ்வாமை’ பயன்படுகிறதோ என்ற ஐயம் எனக்கு உண்டு. நீர், விரல், ஈ, மண், உணவு ஆகிய இந்த ஐந்தில் ஒன்றோ பலவோ இடையில் நின்று கிருமியைக் கடத்துகின்றன. ஆனால் எந்தக் கிருமி எதன்மேல் ஏறிப் பயணம் செய்யும் என்பது, நோய் உண்டாக எத்தனை கிருமிகள் உள்ளே போக வேண்டும் என்பதைப் பெரிதும் பொறுத்தது. ஷிகெல்லாவுக்கு 10 முதல் 100 வரை போதும். கழுவாத விரல் நுனியில் அந்த அளவு எளிதாக ஒட்டிக்கொள்ளும் என்பதால், நீர் தூய்மையாக இருக்கும் இடத்திலும் அது குழந்தைகள் காப்பகங்களில் கைமாறிக் கைமாறிப் பரவுகிறது. காலராக் கிருமியை வயிற்றின் அமிலம் பெருமளவில் கொன்றுவிடுவதால், நலமாக இருப்பவரை வீழ்த்தப் பொதுவாக அது பல்லாயிரக்கணக்கிலோ அதைவிட மிகுதியாகவோ உள்ளே போக வேண்டும். ஆகவே அதற்கு விரல் நுனி போதாது, மாசுபட்ட நீரோ அது பெருகியிருக்கும் உணவோ வேண்டும். ‘எல்லாரும் கை கழுவுங்கள்’ என்ற ஒரே அறிவுரையை எல்லா வயிற்றுப்போக்குக்கும் எழுதுவது தவறில்லை என்றாலும், காலரா பரவும் ஊரில் குடிநீரை விட்டுவிட்டுக் கையை மட்டும் பேசினால் நோய் நிற்காது.

நீர்வழிப் பரவலுக்கு 1854இல் லண்டனின் பிராட் தெருவில் நடந்ததைவிடத் தெளிவான சான்று இல்லை. அங்கே இறந்தவர்களின் வீடுகளைக் குறித்துக்கொண்ட மருத்துவர் ஜான் ஸ்னோ, அவர்களில் பெரும்பாலோர் ஒரே அடிபம்பின் நீரைக் குடித்தவர்கள் என்று கண்டு அதன் கைப்பிடியைக் கழற்றச் செய்தார். பின்னர் தெரியவந்தது என்னவென்றால், கிணற்றுக்குச் சில அடி தொலைவில் ஒரு வீட்டின் மலக்குழி ஒழுகிக்கொண்டிருந்தது. அந்த வீட்டில் வயிற்றுப்போக்கால் இறந்த கைக்குழந்தையின் துணிகளை அலசிய நீர் அந்தக் குழிக்குள்தான் ஊற்றப்பட்டிருந்தது. அதே 1854இல் இத்தாலியில் பிலிப்போ பச்சினி காலராக் கிருமியைக் கண்டு எழுதியும், 30 ஆண்டுகள் கழித்து ராபர்ட் கோக் அதை நிறுவும்வரை மருத்துவ உலகம் பொருட்படுத்தவில்லை. கிருமி குடலில் என்ன செய்கிறது என்பதற்கோ 1959வரை காத்திருக்க வேண்டியிருந்தது. கல்கத்தாவில் சம்புநாத் டே, காலராக் கிருமி வளர்ந்த திரவத்திலிருந்து கிருமிகளை நீக்கிவிட்டு, எஞ்சிய நீரை மட்டும் முயலின் குடலில் முடிச்சிட்ட ஒரு பகுதிக்குள் செலுத்திப் பார்த்தார். அந்தப் பகுதி நீர் நிரம்பி வீங்கிற்று. கிருமி குடலை அரிப்பதில்லை, அது சுரக்கும் நஞ்சுதான் குடல் செல்களிலிருந்து குளோரைடை வெளியே விடும் வாயிலைத் திறந்தபடி நிறுத்திவிடுகிறது, உப்போடு நீரும் உடலிலிருந்து கொட்டிவிடுகிறது என்ற புரிதல் அந்த முயற்சியிலிருந்து வளர்ந்ததுதான். இந்திய மண்ணில் செய்யப்பட்ட அந்த ஆய்வை நம் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்லலாம்.

குடல் செல்கள் அழியாமல் இருப்பதால்தான், குளுக்கோஸும் உப்பும் சேர்ந்து உள்ளே போகும் வாயில் கெடாமல் இருக்கிறது. குடிக்கக் கொடுக்கும் உப்பு, குளுக்கோஸ் கரைசல் (ஓஆர்எஸ்) வேலை செய்வதும் அதனால்தான். 1971இல் வங்கப் போர் அகதிகள் முகாமில் இரத்த நாளத்தில் ஏற்றும் உப்புநீர்ப் புட்டிகள் தீர்ந்துபோன நிலையில், மருத்துவர் திலீப் மகலனபிஸ் உப்பும் குளுக்கோஸும் கலந்த நீரைக் குடிக்கக் கொடுத்து, காலரா இறப்பை 4 விழுக்காட்டுக்கும் கீழே இறக்கினார். இன்றும் உலகில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4.4 லட்சம் சிறு குழந்தைகள் வயிற்றுப்போக்கால் இறக்கிறார்கள். அவர்களில் பலரைக் கொல்வது கிருமி நேரடியாக அன்று, உடலிலிருந்து போன நீரும் உப்பும் திரும்பி வராததே.

நீரில் குளோரின் இட்டுவிட்டால் அச்சமில்லை என்ற நம்பிக்கையும் முழுதாகச் சரியன்று. 1993இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில், சுத்திகரிப்பு நிலையத்தின் வடிகட்டும் அமைப்பு சரிவர இயங்காத சில நாள்களில், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒருசெல் உயிரி குழாய்நீரில் நுழைந்து ஏறத்தாழ 4 லட்சம் பேரை நோயில் தள்ளிற்று. தடித்த ஓட்டுக்குள் இருக்கும் அதைக் குடிநீரில் இடும் அளவுக் குளோரின் ஒன்றும் செய்யாது. ஒரு நிமிடம் தளதளவெனக் கொதித்தால் அது செத்துவிடும். நோரோவைரஸின் கதையும் இப்படித்தான். கொழுப்பு உறை இல்லாத வைரஸ் என்பதால், கையில் தடவிக்கொள்ளும் ஆல்கஹால் கரைசல் அதை நம்பத்தகுந்த அளவில் அழிப்பதில்லை. சோப்புப் போட்டுத் தேய்த்து ஓடும் நீரில் கழுவி அகற்ற வேண்டும். வாந்தி எடுப்பவரிடமிருந்து தெறிக்கும் நுண்துளிகள் வழியாகவும் அது பரவும், நோய் தீர்ந்தவர் மலத்தில் மேலும் இரண்டு வாரமோ அதற்கு மேலோ வெளியேறிக்கொண்டும் இருக்கும். வயிறு சரியாகிவிட்டது என்று மறுநாளே சமையலறைக்குத் திரும்பும் சமையற்காரர் பொய் சொல்லவில்லை, அவருக்கே தெரியாது.

ரோட்டாவைரஸோ சுகாதாரத்துக்கு முழுதாக அடங்குவதில்லை. தூய நீரும் கழிவறையும் குறைவின்றி இருந்த செல்வ நாடுகளிலும் தடுப்பூசி வருவதற்கு முன் ஏறத்தாழ எல்லாக் குழந்தைகளையும் ஐந்து வயதுக்குள் அது ஒருமுறையேனும் தாக்கியது. 2006இலிருந்து பரவலாகக் கிடைக்கும் சொட்டு மருந்தே அதற்குத் தக்க காப்பு. வைரஸ் வயிற்றுப்போக்குக்கு ஆன்டிபயாடிக் எழுதி வாங்குவதால் பயனில்லை, ஈ.கோலை ஓ157 போன்ற சில பாக்டீரியா வகைகளில் அது சிறுநீரகத்தைப் பாதிக்கும் அபாயத்தைக் கூட்டக்கூடும் என்பதால் மருத்துவர்களே தவிர்க்கிறார்கள்.

அவசரப்பட்டுப் பழி சுமத்தினால் என்ன நேரும் என்பதற்கு 2011இல் ஜெர்மனியில் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஈ.கோலை ஓ104 பரவி 50 பேருக்கும் மேல் இறந்த அந்நிகழ்வில், முதலில் ஸ்பெயினிலிருந்து வந்த வெள்ளரிக்காயே காரணம் என்று அதிகாரிகள் அறிவிக்க, ஊடகங்கள் அதை உலகமெங்கும் கொண்டுசென்றன. ஸ்பெயின் விவசாயிகளின் விளைச்சல் விற்பனையின்றி அழிந்தது. சில நாள்களில் உண்மைக் காரணம் முளைகட்டிய விதைகள் என்று தெரிந்தது. வெந்தய விதைமேல் ஐயம் விழுந்தது.

தங்கள் இதழிடம் நான் வேண்டுவது பெரிய மாற்றம் ஒன்றும் இல்லை. முதல் நாள் செய்தியில் ‘ஒவ்வாமை’க்குப் பதிலாக ‘வயிற்றுப்போக்கு, காரணம் ஆய்வில் உள்ளது’ என்று எழுதினால் போதும். மல மாதிரியும் நீர் மாதிரியும் எடுக்கப்பட்டனவா, ஆன்டிபயாடிக் கொடுப்பதற்கு முன்பே எடுக்கப்பட்டனவா என்று தங்கள் நிருபர் கேட்டு எழுதட்டும். மாதிரியிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனையின் முடிவு வர இரண்டு, மூன்று நாள் ஆகும். நான் பணியிலிருந்த காலத்தில் இத்தகைய நிகழ்வுகளின் முதல் நாள் முழுவதும் எங்கள் ஆய்வகத் தொலைபேசி ஓயாமல் ஒலிக்கும். மூன்றாம் நாள், கிருமி மஞ்சள் திட்டுகளாக வளர்ந்திருந்த அகர் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு காரணம் இதுதான் என்று நாங்கள் உறுதியாகச் சொல்லக்கூடிய நிலைக்கு வந்தபோது, அதைக் கேட்டு ஒருவர்கூட அழைத்ததாக நினைவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்